உடைவதற்கென்றே ஒரு துண்டு

சன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி இன்னும் அடங்காமல் மிதக்கிறது. பருத்தியோடு வந்த இரும்புக் கொக்கி சிக்கி, பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மெஷின் அலறி நின்றுவிட்டது. பெரிய பல்சக்கரம் போயிருந்தால் இந்தப் பருவமே போய்விடும்; முதலாளி தங்கபாய் மெஷினருகே ஓடி வருகிறாள். சக்கரத்தைத் தண்டோடு பிணைத்திருந்த விரலளவுப் பித்தளைத் துண்டை ஃபிட்டர் ஐயாதுரை உருவி அவளிடம் நீட்டுகிறார். இரண்டாக உடைந்திருக்கிறது. "பித்தளையில போடச் சொன்னாகள்ல, ஒங்க இஞ்சினியரம்மா! கல்கோனா முட்டாய்கூட இதவிடத் தாங்கும்." மெஷினை வடிவமைத்த பரிபூரணம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிகிறாள். சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாக விரலால் தடவுகிறாள். ஒரு பல்கூட முறியவில்லை. தண்டும் கோணவில்லை. "இதுக்குத்தான் அண்ணாச்சி பித்தளை. இரும்பா இருந்தா அது தாங்கிருக்கும், சக்கரம்லா சிதறிருக்கும்." "அப்ப ஒடையுறதுக்குன்னே ஒண்ணச் செஞ்சு வச்சியளா?" "ஆமா. எது மொதல்ல ஒடையணும்னு பாத்துட்டுத்தான் மத்ததயே வரைஞ்சேன்." ஐயாதுரை பற்களைத் தானும் தடவிப் பார்க்கிறார். கணவர் இறந்த நாள்முதல் மில்லில் யார் எதிரிலும் கண்கலங்காத தங்கபாய், உடைந்த பித்தளைத் துண்டை உள்ளங்கையில் பொத்தியபடி பஞ்சுப்பொதிமேல் மெல்ல உட்கார்ந்து, வாய்விட்டு அழுகிறாள்.