மண்டையோட்டுக்குப் பதிலாக ஒரு கை

காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையின் பின்கட்டில் குழாய் முழு வேகத்தில் கொட்டுகிறது. அதன் கீழே லோகாம்பாளின் வலது கையைக் கூட வேலை செய்யும் பழனி இறுகப் பிடித்திருக்கிறான். சாயக்கறை போகட்டுமென்று அவள் ஆசிட் தொட்டியில் கையை முக்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. விரல்கள் வெந்து வெளுத்துக்கொண்டிருக்கின்றன. தொட்டிக்கு மேலே, போன வாரம் மாட்டிய பலகை வெயிலில் பளபளக்கிறது: ஒரு கை, அதன்மேல் விழும் இரண்டு சொட்டு. அதே ஆணியில் இருபது வருஷம் பல்லிளித்துக்கொண்டிருந்த மண்டையோட்டுப் பலகை மூலையில் குப்புறக் கிடக்கிறது.

“மண்டையோடு இருந்தா கிட்டப் போவனா சார்? கை மேல தண்ணி ஊத்தறாப்பல இருந்துது. கை கழுவற எடம்னு நெனச்சிக்கினேன்,” என்கிறாள் லோகாம்பாள்.

“உலகம் பூரா ஒத்துக்கிட்ட சின்னம் அதும்மா,” என்கிறார் பதிவேட்டோடு வந்து நிற்கும் பாதுகாப்பு அதிகாரி, உலகத்தைத் தாமே கூட்டி உட்காரவைத்துச் சம்மதம் வாங்கியவர் போல.

“உலகத்துக்கெல்லாம் சொன்னீங்களே சார், எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?” என்கிறான் பழனி.

லோகாம்பாள் விரல்களையே பார்க்கிறாள். தோல் சொரசொரத்துவிட்டால் பட்டு இழை அதில் மாட்டி அறுந்துபோகும். அப்புறம் இங்கே அவளுக்கு வேலையில்லை. “பழையபடி வழவழன்னு ஆயிடுமாப்பா?” பழனி குழாயை இன்னும் திருகப் பார்க்கிறான். அது அதற்குமேல் திரும்பவில்லை.

அதிகாரி பதிவேட்டைப் பிரிக்கிறார். ‘புதிய சின்னம் தொழிலாளிக்கு விளக்கப்பட்டது’ என்றிருக்கிறது; தேதி போன திங்கட்கிழமை. ரேகை வைக்க மைப்பெட்டியைத் திறந்து பிடிக்கிறார். அவள் இடது கையை நீட்டுகிறாள்.

“பொம்பளைங்களுக்கு வலது கைதாம்மா,” என்கிறார் அவர், பொறுமையாக.