இருநூறு நிலாப்பூ

"நீ என்ன, ஒத்தைக் கையாலதான் விளையாடுறியா?" மைக்கில் கத்தினான் சுகுமாறன். "நாலு மணி நேரத்துல நாலே நாலு பூ. லோஷினியப் பாரு, பதினஞ்சு எடுத்துட்டா."

தனாவிடமிருந்து வழக்கம்போல எழுத்தில்தான் பதில் வந்தது. 'ஆமா லா, ஒத்தைக் கைதான்.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

செல்வா சிரித்துவிட்டான். சுகுமாறனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பொந்தியான் டவுனில் ஒரு தொழிற்சாலையில் அவன் லைன் லீடர். காலை ஷிப்ட் முடிந்து வந்தால் கைப்பேசியும் கையுமாக இந்த ஆன்லைன் விளையாட்டில் உட்கார்ந்துவிடுவான். அவன் குழுவில் ஐந்து பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

ஐந்து பேரும் ஆளுக்கு இருநூறு நிலாப்பூ சேர்த்தால் ஒரு பறக்கும் கப்பல் கட்டலாம். தீபாவளிக்குள் கட்டியாக வேண்டும். பூ கொண்டு வந்தவர்களின் பெயர்கள் கப்பலின் பாயில் பொறிக்கப்படும்.

ஆனால் அந்தப் பூ லேசில் கிடைக்காது. ஏழு மலை முகடுகளில் மட்டுமே செடி முளைக்கும், பத்துச் செடிக்கு ஒன்றில்தான் பூ இருக்கும். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்கப் பன்னிரண்டு நிமிடம்.

சுகுமாறன் அதற்கென்றே ஒரு வழி வகுத்துக் குழுவில் எழுதிப் போட்டிருந்தான். வடக்கு முகட்டில் தொடங்கணும், குதிரையை நிறுத்தக் கூடாது, பூதம் வந்தால் சண்டைக்கு நிற்கக் கூடாது. ஏழாவது முகட்டை முடித்துத் திரும்பும்போது முதல் முகட்டில் செடி தயாராக இருக்கும்.

எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள். தனா மட்டும் பாதி வழியில் குதிரையிலிருந்து விழும், பூதத்திடம் அடி வாங்கும். அதுவும் திங்கள், புதன், வெள்ளி மட்டும், மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரைக்கும்தான். டியூஷன் இல்லாத நாளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான் சுகுமாறன்.

"சாரி லா, இப்படியே போனா தீபாவளி வந்துடும்" என்று சொல்லி, அன்றைக்கே தனாவைக் குழுவிலிருந்து நீக்கினான். அப்போது தனாவின் பங்கில் நாற்பது பூதான் இருந்தது.

'பரவாயில்ல' என்று மட்டும் எழுதியது தனா. இந்த முறை சிரிக்கும் முகம் இல்லை.

அதோடு விட்டது என்று நினைத்தான். ஆனால் புதன்கிழமை, விளையாட்டின் தபால் பெட்டியில் நான்கு நிலாப்பூ வந்து கிடந்தது. அனுப்பியது தனா. வெள்ளிக்கிழமை மறுபடி நான்கு. இரண்டு வாரம் இப்படியே வந்தது, பிறகு நின்றுவிட்டது.

தனா இல்லாமலும் கப்பல் முடிந்தபாடில்லை. மற்ற நால்வரின் பங்கும் நிறைந்துவிட்டது, தனாவின் பங்கில் விழுந்த குறையை நிரப்பத்தான் ஆள் இல்லை. லோஷினிக்குப் பரீட்சை வந்தது, செல்வா சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சுகுமாறன் நம்பிக்கையை விட்டுவிட்டான்.

அன்று வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தவன் எண்ணிக்கையை இரண்டு முறை பார்த்தான். தனாவிடமிருந்து, அதன் பங்கில் மீதி இருந்த பூ அத்தனையும் மொத்தமாக வந்திருந்தது.

'அலமாக்! அப்போ முடியும்தானே? நம்மள வச்சு விளையாடியிருக்கு.' கோபத்தோடு தனாவின் பெயரைத் தட்டிப் பேச்சு அழைப்பு விடுத்தான். இதுவரை ஒருமுறைகூட எடுக்காத அழைப்பு அது. இன்று எடுக்கப்பட்டது.

"இவ்வளவு வேகமா எடுக்கத் தெரியுதுல்ல? அப்புறம் ஏன் எங்களை அந்தப் பாடு படுத்துன?"

"தம்பி..." வயதான ஆண் குரல். "நான் தனலெட்சுமியோட வீட்டுக்காரர் பேசுறேன். மூர்த்தி. கோத்தா திங்கியிலேர்ந்து."

"சாரி அங்கிள். நான் யாரோ ஸ்கூல் புள்ளைன்னு..."

"அவளுக்கு அம்பத்தஞ்சு வயசு தம்பி. கிட்னி கோளாறு. வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் கழுவ ஆஸ்பத்திரிக்குப் போவா, நாலு மணி நேரம் ஆகும். ஊசி குத்துன கைய அசைக்கக் கூடாதுல்ல, இன்னொரு கையாலதான் உங்ககூட விளையாடுவா. சுத்தி எல்லாரும் தூங்குவாங்க, இவ மட்டும் சிரிச்சுக்கிட்டு இருப்பா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"நானும் சொல்லச் சொன்னேன். 'வேணாங்க, என்னைய வியாதிக்காரியாப் பார்க்காத எடம் அது ஒண்ணுதான்'னுட்டா."

சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டான். அவரிடம் கத்தியதெல்லாம் காதுக்குள் கேட்டது.

"மிச்சப் பூவ நான்தான் எடுத்தேன். நீங்க எழுதிப் போட்ட வழிய அவ நோட்டுல எழுதி வச்சிருக்கா. ரெண்டு வாரமா அதைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். அவ பங்கு குறையக் கூடாதுன்னு சொன்னா. இப்ப இருநூறு ஆச்சுதானே? பேரப் போட்டுருவீங்கதானே தம்பி?"

"போட்டாச்சு அங்கிள்." பேசிக்கொண்டே தனாவைக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தான். "முதல் பேரே அவங்க பேருதான். நாளைக்குக் கப்பலை ஓட்டப் போறோம். அவங்கள வரச் சொல்லுங்க, நானே மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

மூர்த்திக்குப் பின்னால் நிறையப் பேர் தணிந்த குரலில் பேசிக்கொள்ளும் சத்தமும், பந்திக்குப் பாத்திரம் எடுத்து வைக்கும் சத்தமும் கேட்டன.

"இன்னைக்கு அவளுக்குப் பதினாறாம் நாள், தம்பி."