கனத்த சத்தம்

பெட்டியை மூலைக்குத் தள்ளியதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

அபுதாபியிலிருந்து லீவில் வந்தபோது நான் கொண்டுவந்த ஸ்டீரியோ செற்றில் எல்லாம் இருந்தது, கனத்த சத்தம் ஒன்றைத் தவிர. சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது. கனத்த சத்தத்துக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும்.

அதனால் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, அதற்குப் பலகைப் பெட்டி அடித்து, செற்றுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு செப்புக் கம்பிச்சுருளைப் பூட்டினேன். கூர்மையான ஒலிகளை அந்தச் சுருள் மறித்துவிடும். கனத்தவை மட்டும் பெட்டிக்குப் போகும்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். சுவரோரம் வைத்தால் சத்தம் கூடும். இரண்டு சுவர் சேரும் மூலையில் இன்னும் கூடும். ஒவ்வோர் இடமாக வைத்து, பாட்டில் மேளம் வரும் துண்டை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

மனைவி கமலாவதி முதல் பஸ்ஸில் நெல்லியடிக்குப் போயிருந்தாள். பாரிசவாதத்தில் படுத்திருந்த ஐயாவை அன்று ஒரு நாள் நான் பார்க்கவேண்டும்.

"எனக்குப் பாடம் எடுக்காதை. என்னைப் பெத்த ஐயாவைப் பாக்க எனக்குத் தெரியாதோ?" என்று சொல்லித்தான் அவளை அனுப்பினேன்.

பதினொரு மணிபோல வாசல் படலை திறந்தது.

பின் ஒழுங்கையில் குடியிருக்கும் இளையதம்பி அண்ணை வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வந்தார். பின்னால் அவர் மனைவி தங்கமுத்தக்காவும் இன்னும் இரண்டு பெண்களும்.

முற்றத்தில் கால் வைத்ததுமே தங்கமுத்தக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எங்கடை மாமா எங்களை விட்டிட்டுப் போட்டாரோ!"

ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன். மேளம் நின்றது. பெண்களின் அழுகையும் நின்றது.

"செத்தவீட்டுப் பறையைக் கேட்டுத்தான் நாங்கள் அறியவேணுமோ, தம்பி? ஒரு ஆளை அனுப்பியிருக்கலாமே," என்றார் இளையதம்பி அண்ணை. குரலில் துக்கத்தைவிடக் கோபமே கூட இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் முதலில் வந்தது மகிழ்ச்சி. அதைச் சொல்ல இன்றும் கூசுகிறது.

"பறை இல்லை அண்ணை, பாட்டு! கனத்த சத்தம் சுவருக்குள்ளாலை வெளியிலை போகும். ஆக்களின்ரை குரல் உள்ளுக்கையே நிண்டிடும். அதுதான் உங்களுக்கு மேளம் மட்டும் கேட்டது. வாங்கோ, பெட்டியைக் காட்டுறன்."

இளையதம்பி அண்ணை கையை உயர்த்தி மறித்தார்.

"உன்ரை பெட்டியைப் பிறகு பாப்பம். மாமா என்ன மாதிரி?"

சுகமாக இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் விடிந்ததிலிருந்து நான் அவருடைய அறைக்குள் போகவே இல்லை.

தங்கமுத்தக்கா என்னை விலக்கிக்கொண்டு போய் அறைக்கதவைத் தள்ளினார்.

ஐயா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். வேட்டி முழங்கால் மறைய இழுத்துவிடப்பட்டிருந்தது. விளங்கும் காலை விளங்காத காலோடு ஒட்டிச் சேர்த்து வைத்திருந்தார். ஒரே ஒரு கையால் எவ்வளவு நேரம் பாடுபட்டிருப்பார் என்று தெரியவில்லை.

தங்கமுத்தக்கா குனிந்து அவர் நெற்றியைத் தொட்டார். ஐயாவின் கண்கள் மெல்ல அக்காவின் பக்கம் திரும்பின.

"காலமை தொடக்கம் பறை அடிக்குது," என்றார் ஐயா குழறலாக. "நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை."

பிறகு, பயந்து பயந்து கேட்டார்.

"நான் கதைக்கிறது உனக்குக் கேக்குதோ, பிள்ளை?"