விடுங்கப்பா

பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்துக்காக வெளிநாடு வந்து இறங்கிய மறுநாளே அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆய்வுக்கூட வாசலில் நிற்கும்போது கைபேசி மறுபடியும் அடித்தது.

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேம்ப்பா. இதையேதான் காலையிலயும் கேட்டீங்க.”

“ரூம்ல ஹீட்டர் வேலை செய்யுதா? வெளிய பயங்கரக் குளிர். காதை மூடிக்கிட்டுப் போ.”

“நான் என்ன கைக்குழந்தையா? பக்கத்துல இருக்கிறவங்க சிரிக்கிறாங்க. என்னைக் கொஞ்சம் நிம்மதியா படிக்க விடுங்கப்பா.”

“சரிம்மா. இனிமே கூப்பிடல.” குரல் சுருங்கிப்போனது.

நேற்றுதான் அறிமுகமான அறைத்தோழி சொன்னாள்: “பாவம்டி. பொண்ணை இவ்வளவு தூரம் அனுப்பிட்டுத் தவிக்க மாட்டாரா?”

“உனக்குத் தெரியாது. உயிரை வாங்குறாரு.”

உள்ளே போனதும் பேராசிரியர் தலைகளை எண்ணினார். “நாலு மாணவர்கள்ல ஒருத்தரைக் காணோமே?”

அப்போது கதவு திறந்தது. தோளில் பை தொங்க, நரைத்த தலையோடு ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“மன்னிக்கணும் சார். ஹாஸ்டல்லேர்ந்து வர்றப்ப வழி தவறிட்டேன்.”

“பரவாயில்ல. உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“பொண்ணு பிறந்தப்ப பாதியில விட்ட படிப்பு சார். வேலையை விட்டதும் மறுபடி சேர்ந்துட்டேன்.”

அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. உறவை யாரிடமும் சொல்லக்கூடாது என்று விமானத்திலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“இங்க வந்து உட்காருங்கப்பா” என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.