பின்பக்கம் பார்க்கும் சீட்

கல்யாணத்துக்கு ஸ்டாக்ஹோம் போகும் வழியெல்லாம் குலசிங்கம் தன் பழைய சுவீடன் காரின் பெருமையையே பேசினார். "பெட்டி எண்டு சிரிச்சாங்கள். இருபது வருசமா கொம்பனி வடிவை மாத்தேல்லை. ஏன் தெரியுமோ?"

கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனைவி யோகமலர் காரை நிறுத்தச் சொன்னாள். பிள்ளைகள் பின்பக்கம் பார்த்து உட்காரும் கடைசிச் சீட்டில் போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். வெளியிலிருந்து மட்டும் திறக்கக்கூடிய பின்கதவை அவர் சாத்தினார்.

பெற்றோல் நிலையத்தில் இறங்கியவர் அவளை மறந்தே போனார். அவள் அரை மணி நேரம் கண்ணாடியைத் தட்டினாள். கதவு திறந்தபோது அவரோடு முன்பின் தெரியாத ஒரு தமிழர் நின்றார்.

"பாருங்கோ, நான் சொன்ன சீட் இதுதான்."

அந்த மனிதர் கூச்சத்தோடு அவளுக்கு வணக்கம் சொன்னார்.

யோகமலர் சேலையை உதறிக்கொண்டு இறங்கினாள். "இனி எஞ்சினையும் காட்டுங்கோ. நான் பஸ்ஸில போறன்."

முதல் பாதிதான் குலசிங்கத்தின் காதில் விழுந்தது. அவர் உற்சாகமாக முன்பக்கம் பொனற் மூடியைத் திறக்கப் போனார்.