சிவந்த வாதுமை

எங்கள் தெருவில் எல்லா மரங்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போடுவார்கள். பிறகு இலை பழுக்காது, உதிராது. தேன்மொழி மட்டும் தன் வீட்டு வாதுமைக்கு ஊசி போட விடவில்லை. மார்கழியில் அது முழுவதும் சிவந்தது. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பசுமை அலுவலர் வந்தார். "தெருவில ஒரு இலை விழுந்தாலும் நாளைக்கு ஊசிதாம்மா."

"வந்து பாருங்க சார்."

விடியற்காலையில் அவள் மரத்தடியில் போர்வையை விரித்துப் பிடித்தபோது, மறுமுனையைப் பிடிக்க எதிர்வீட்டு சபாபதி வந்தார்.

"குப்பைன்னு புகார் கொடுத்ததே நீங்கதானே அங்கிள்?"

"கொடுத்தேன். இப்படிச் சிவக்கும்னு யாரு கண்டா? உயர்த்திப் பிடிம்மா."

விடிவதற்குள் தெருவே போர்வைகளோடு வந்துவிட்டது.

எட்டு மணிக்கு அலுவலர் ஊசிப் பெட்டியோடு இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் கோலத்தின் நடுவே, பூசணிப்பூ வைக்கும் இடத்தில், ஒரு சிவப்பு இலை இருந்தது.

"ஒரு இலைன்னு சொன்னேன். தெரு முழுக்க விழுந்து கிடக்குதே!"

"ஒண்ணுகூட விழல சார்," என்றார் சபாபதி. "எல்லாம் நாங்க வச்சது. பார்த்து நடங்க, கோலத்தை மிதிச்சிடாதீங்க."