தளபதியைப் பெட்டியில் அடைக்கும் மத்தியானம்

துபாய் தேராவின் பழம்பொருள் கிடங்கில், ஷட்டர் இடுக்கு வெயில் தளபதியின் மீசைமேல் விழுகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பிரஷ்யக் குதிரைப்படைத் தளபதி. விற்றுப்போன அந்த ஓவியத்தைக் கார்மேகம் மரப்பெட்டிக்குள் இறக்குகிறான். ஆபீஸில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பையன் நிருபன், ஓவியத்தின் விவர அட்டையை வாசிக்கிறான்: "பதினாறு வயசில சேர்ந்தவராம். மூண்டு சண்டை. நாப்பத்தொரு வருஷம்."

"நடுவுல லீவுக்கு ஊருக்குப் போனாரா தம்பி?"

"அது எழுதேல்லை அண்ணை. பதக்கம் மட்டும் வரிசையாக் கிடக்கு."

கார்மேகம் சிரிக்கிறான். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். லீவு இல்லையென்று முதலாளி காலையில்தான் சொன்னார். மனைவி வடிவிடம் இன்னும் சொல்லவில்லை. போன் அதிர்கிறது. அவள்தான். லீவைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. "தாரை வார்க்க எங்கண்ணனும் அண்ணியும் நிக்கட்டுமாங்க?"

"நிக்கட்டும் வடிவு," என்கிறான், மூடாத பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு.